விமான கம்பெனி கை மாறினால் விமானிக்கு என்ன ஆகும்? சம்பளம், சீனியாரிட்டி, பிஎஃப், குவார்ட்டர்ஸ்... ஏர் இந்தியாவில் நடந்தது இதுதான்!

2024 நவம்பர் 11-ம் தேதி இரவோடு 'யுகே' என்ற குறியீட்டில் பறந்துகொண்டிருந்த விஸ்தாரா விமானங்கள் நின்றுபோயின. மறுநாள் காலை அதே விமானம், அதே வழித்தடம், அதே பணிக்குழு. டிக்கெட்டில் மட்டும் 'ஏஐ' போட்டு 2-ல் தொடங்கும் நான்கு இலக்க எண். இனிமேல் சாப்பாடு எப்படி இருக்கும், லெக் ஸ்பேஸ் இருக்குமா என்றெல்லாம் பயணிகள் கவலைப்பட்டார்கள். காக்பிட்டில் இருந்தவரின் கவலையே வேறு. நேற்று வரை ஒரு வரிசையில் தனக்கு முன்னால் எத்தனை பேர், பின்னால் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியும். இன்று அந்த வரிசைக்குள் இன்னொரு கம்பெனியின் மொத்த வரிசையும் வந்து சேர்ந்திருக்கிறது. இனி தன் இடம் எது?

ஒரு விமான நிறுவனத்தை இன்னொருவர் வாங்கும்போது செய்திகளில் கோடிக்கணக்கும் விமான எண்ணிக்கையும்தான் வரும். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு என்ன ஆனது என்பது ஸ்ட்ரைக் வந்தால்தான் வெளியே தெரியும். டாடா குழுமம் ஏர் இந்தியாவை வாங்கிய பிறகான நாலு வருஷங்கள் இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். ஏனென்றால், ஒரு கையகப்படுத்தலில் ஊழியருக்கு நடக்கக்கூடிய கிட்டத்தட்ட எல்லாமே அங்கே நடந்துவிட்டது.

யார் யாரை வாங்கியது?

1932-ல் ஜே.ஆர்.டி. டாடா தொடங்கி, 1953-ல் நாட்டுடைமை ஆன நிறுவனம் ஏர் இந்தியா. 2021 அக்டோபர் 8-ம் தேதி அதை டாடா குழுமத்துக்கே திருப்பி விற்பதாக மத்திய அரசு அறிவித்தது. விலை 18,000 கோடி ரூபாய். இதில் அரசின் கைக்கு வந்த ரொக்கம் 2,700 கோடிதான். மீதி 15,300 கோடி, ஏர் இந்தியாவின் கடனில் டாடா ஏற்றுக்கொண்ட பங்கு. நாளொன்றுக்குச் சுமார் 20 கோடி நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த கம்பெனி, 2022 ஜனவரி 27-ல் கை மாறியது.

ஆனால் டாடாவிடம் ஏற்கெனவே இரண்டு விமான நிறுவனங்கள் இருந்தன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோடு சேர்ந்து நடத்திய விஸ்தாரா ஒன்று, மலேசியாவின் ஏர் ஏசியாவோடு சேர்ந்து தொடங்கிய ஏர் ஏசியா இந்தியா இன்னொன்று. ஏர் இந்தியாவோடு கூடவே ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் வந்தது. ஒரே வீட்டில் நாலு அடுப்பு. இதை இரண்டாகக் குறைத்தார்கள். 2024 அக்டோபர் 1-ல் ஏர் ஏசியா இந்தியா (அதற்குள் 'ஏஐஎக்ஸ் கனெக்ட்' என்று பெயர் மாறியிருந்தது) ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கரைந்தது. அடுத்த மாதமே விஸ்தாரா ஏர் இந்தியாவில் கரைந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 25.1 சதவீதப் பங்கோடு ஏர் இந்தியாவில் உட்கார்ந்தது.

கம்பெனி அதேதான், முதலாளிதான் வேற

ஒரு நிறுவனம் கை மாறினால் ஊழியர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டாமா என்று பலர் கேட்பார்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கத்தான் செய்கிறது. ஏர் இந்தியா கை மாறியபோது அது 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தின் 25-எஃப்எஃப் பிரிவாக இருந்தது. ஒரு தொழில் நிறுவனம் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்கு மாறினால், தொழிலாளர்களை ஆட்குறைப்பு செய்ததுபோலக் கருதி நஷ்டஈடு தர வேண்டும். பணித் தொடர்ச்சி அறுபடாமல், பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல், பழைய சர்வீஸையும் புது முதலாளி கணக்கில் எடுத்துக்கொண்டால் நஷ்டஈடு தேவையில்லை. 2020-ன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது.

ஆனால் ஏர் இந்தியாவில் நடந்தது பங்கு விற்பனை. அரசிடம் இருந்த பங்குகள் டாடாவின் துணை நிறுவனமான டேலஸின் கைக்குப் போயின, அவ்வளவுதான். ஊழியரின் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்த 'ஏர் இந்தியா லிமிடெட்' அப்படியே இருந்தது. சட்டத்தின் கண்ணில் முதலாளி மாறவே இல்லை! ஆகவே பாதுகாப்பு வேண்டுமென்றால் அதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

எழுதவும் செய்தார்கள். விற்பனை அறிவிப்பின்போது ஏர் இந்தியாவில் 12,085 பேர் இருந்தார்கள். அதில் நிரந்தர ஊழியர்கள் 8,084 பேர், மீதி 4,001 பேர் ஒப்பந்த ஊழியர்கள். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 1,434 பேர். ஒரு வருஷத்துக்கு யாரையும் நீக்கக் கூடாது என்பது நிபந்தனை. இரண்டாம் வருஷத்தில் நீக்குவதாக இருந்தால் விருப்ப ஓய்வுத் திட்டம், அதாவது விஆர்எஸ் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். பிஎஃப், கிராஜுட்டி, ஓய்வுக்குப் பிறகான மருத்துவ வசதி ஆகியவற்றுக்கும் உத்தரவாதம் இருந்தது.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 'நீக்கக் கூடாது' என்றுதான் நிபந்தனை, 'போகச் சொல்லக் கூடாது' என்று இல்லை. கை மாறி ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 2022 ஜூனில் விஆர்எஸ் வந்துவிட்டது. வழக்கமான தகுதி 55 வயது, 20 வருஷ சர்வீஸ். கேபின் க்ரூ, கிளார்க், திறன்சாராப் பணியாளர்கள் ஆகியோருக்கு மட்டும் வயது வரம்பு 40 ஆக இறங்கியது. 2023 மார்ச்சில் வந்த அடுத்த சுற்றில் 40 வயதும் ஐந்து வருஷ சர்வீஸும் போதும் என்றார்கள். 2024 மார்ச்சில், விஆர்எஸ்ஸும் எடுக்காத, மறுபயிற்சி தந்து வேறு வேலைக்கு மாற்றவும் முடியாத 180-க்கும் மேற்பட்ட தரைப் பணியாளர்களை நிறுவனம் நேரடியாகவே வீட்டுக்கு அனுப்பியது. உத்தரவாதக் காலம் அதற்குள் முடிந்திருந்தது.

40 வயதில் விஆர்எஸ் என்பதை யோசித்துப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வயது. இது 'விருப்ப' ஓய்வுதான். ஆனால் அடுத்து என்ன வரும் என்று தெரியாத நிலையில் எடுக்கப்பட்ட விருப்பம்.

கோர்ட் கதவும் மாறிப்போச்சு

பலர் கவனிக்காத ஒரு இழப்பு இது. அரசு நிறுவன ஊழியர் ஒருவருக்குப் பதவி உயர்வில் அநீதி நடந்தால் அவர் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அரசும் அரசு நிறுவனமும் அரசியலமைப்பின் சமத்துவ விதிகளுக்குக் கட்டுப்பட்டவை என்பதே அடிப்படை.

ஏர் இந்தியா ஊழியர்கள் சிலர் சம்பள உயர்வு இல்லை, பதவி உயர்வு இல்லை, ஊதியத் திருத்த பாக்கி வரவில்லை என்று விற்பனைக்கு முன்பே மும்பை உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டிருந்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கம்பெனி தனியாரிடம் போய்விட்டது. இனி இது 'அரசு' இல்லை, ஆகவே ரிட் செல்லாது என்று 2022-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மனு போட்ட நாளில் அரசு நிறுவனமாக இருந்தது என்ற வாதம் எடுபடவில்லை. தொழிலாளர் தீர்ப்பாயம், சிவில் கோர்ட் போன்ற வேறு வழிகள் திறந்தே இருக்கின்றன. ஆனால் பல வருஷம் காத்திருந்த வழக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிஎஃப்பில் லாபம், குவார்ட்டர்ஸில் நஷ்டம்

எல்லாமே இழப்பு என்றும் சொல்லிவிட முடியாது. ஏர் இந்தியா ஊழியர்களின் பிஎஃப் நெடுங்காலமாக 1925-ம் வருஷச் சட்டப்படி நிறுவனத்தின் சொந்த அறக்கட்டளையில் இருந்தது. அதில் நிறுவனத்தின் பங்கு 10 சதவீதம். 2021 டிசம்பரிலிருந்து இபிஎஃப்ஓவுக்கு மாறியது. முதல் மாதத்தில் 7,453 பேருக்கு இபிஎஃப்ஓவில் பங்களிப்பு கட்டப்பட்டது. நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம் ஆனதோடு, குடும்ப ஓய்வூதியமும் வேலையில் இருக்கும்போது இறந்தால் கிடைக்கும் காப்பீடும் சேர்ந்தன.

வீடுதான் பெரிய அடி. மும்பை கலினா, டெல்லி வசந்த் விகார் குடியிருப்புகளில் ஊழியர் குடும்பங்கள் தலைமுறையாக இருந்தன. டாடா வாங்கியது விமானங்களை, ஊழியர்களை, பிராண்டை. நிலமும் கட்டடமும் விற்பனையில் இல்லை, அவை அரசின் தனி நிறுவனத்திடம் போய்விட்டன. விற்பனை முடிந்து ஆறு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. வேலை தந்தவர் ஒருவர், வீடு தந்தவர் இன்னொருவர் என்று ஆன பிறகு, ஒருவரிடம் கேட்டால் மற்றவரைக் கைகாட்டுவார். கலினா விவகாரம் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது.

அந்த ஒரு நம்பர்

இப்போது விமானிகளிடம் வருவோம். ஐடி வேலையில் இருப்பவர் கம்பெனி மாறினால் பழைய அனுபவத்தைக் காட்டி இன்னும் பெரிய பதவியே வாங்கலாம். விமானிக்கு அப்படி இல்லை. அவருடைய வாழ்க்கை ஒரு பட்டியலில் இருக்கும் சீனியாரிட்டி எண்ணில் தொங்குகிறது. ஃபர்ஸ்ட் ஆபிசர் எப்போது கேப்டன் ஆவார், ஏ320-லிருந்து போயிங் 777 போன்ற பெரிய விமானத்துக்கு எப்போது போவார், எந்த ஊரில் இருப்பார் என்பதையெல்லாம் அந்த எண்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஒரு வகை விமானம் ஓட்டத் தெரிந்தவர் இன்னொரு வகைக்கு மாற 'டைப் ரேட்டிங்' என்ற தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கான முறையும் அந்த வரிசைப்படிதான் வரும்.

இரண்டு பட்டியலை ஒன்றாக்குவது எப்படி? வேலையில் சேர்ந்த தேதிப்படி என்றால் பழைய கம்பெனிக்காரர்களுக்கு லாபம். விஸ்தாரா 2015-ல்தான் பறக்கத் தொடங்கியது. அங்கே வேகமாக வளர்ந்து, சீக்கிரம் கேப்டன் ஆனவர், ஏர் இந்தியாவில் பல வருஷம் காத்திருந்த ஃபர்ஸ்ட் ஆபிசருக்குப் பின்னால் போய்விடுவார். பதவிப்படி என்றால் ஏர் இந்தியாவில் காத்திருந்தவருக்கு வயிறு எரியும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இது தீராத சண்டை.

அமெரிக்காவில் இது எவ்வளவு கொடூரமாகப் போகும் என்பதற்கு 2001-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், டிடபிள்யூஏ நிறுவனத்தை வாங்கிய கதை சாட்சி. டிடபிள்யூஏவின் கேபின் க்ரூ மொத்தப் பேரையும் பட்டியலின் அடியில் கொண்டுபோய் ஒட்டினார்கள். விமானிகளில் பெரும் பகுதியினருக்கும் அதே கதிதான். அதே வருஷம் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து, தொழில் படுத்துவிட்டது. ஆட்குறைப்பு பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்கும். இருபது, முப்பது வருஷம் வேலை செய்தவர்கள் நேற்று சேர்ந்தவர்களுக்கு முன்னால் வெளியே போனார்கள். 2007-ல் அங்கே தனிச் சட்டமே வந்தது: விமான நிறுவனங்கள் இணைந்தால் சீனியாரிட்டிப் பட்டியலை நியாயமாக இணைக்க வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் நடுவரிடம் போக வேண்டும். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது.

சட்டம் இல்லாததன் விலையை ஏர் இந்தியா ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2007-ல் இந்தியன் ஏர்லைன்ஸை ஏர் இந்தியாவோடு அரசு இணைத்தது. காகிதத்தில் ஒரே கம்பெனி, உள்ளே இரண்டு சம்பளம், இரண்டு யூனியன், இரண்டு பட்டியல். 2011-ல் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம ஊதியம் கேட்டு 10 நாள் ஸ்ட்ரைக் செய்தார்கள். 2012-ல் பழைய ஏர் இந்தியா விமானிகளின் முறை. புது போயிங் 787 ட்ரீம்லைனர் பயிற்சியை அந்தப் பக்கத்து விமானிகளுக்கும் தரக் கூடாது என்று 58 நாள் வேலைக்குப் போகவில்லை. வேடிக்கை என்னவென்றால், அப்போது ஒரு ட்ரீம்லைனர்கூட வந்து சேரவில்லை. முதல் விமானம் அந்த வருஷம் செப்டம்பரில்தான் இந்தியா வந்தது. இன்னும் வராத விமானத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய சண்டை என்றால், பதில் அந்த நம்பர்தான்.

70 மணி நேரம், 40 மணி நேரம்

விமானியின் சம்பளத்தில் பெரும் பகுதி பறக்கும் மணி நேரத்தைப் பொறுத்தது. ஆனால் மாதம் இத்தனை மணி நேரத்துக்கான தொகை பறந்தாலும் பறக்காவிட்டாலும் உறுதி என்று ஒரு ஏற்பாடு இருக்கும். கொரோனாவுக்கு முன் ஏர் இந்தியாவில் அது 70 மணி நேரம். கொரோனாவில் 20 ஆக வெட்டப்பட்டது. 2023 ஏப்ரலில் டாடா கொண்டுவந்த புது ஊதிய முறையில் அது 40 ஆனது.

கணக்கு எளிது. மணிக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் மாதம் 3.5 லட்சம் உறுதி. புது முறையில் 2 லட்சம்தான் உறுதி, அதற்கு மேல் பறந்தால் கூடுதல். மாதம் 70 மணி நேரம் பறப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் லீவில் போனால்? உடம்பு சரியில்லை என்றால்? பயிற்சியில் உட்கார்ந்தால்? ரோஸ்டரில் போதுமான விமானம் தராவிட்டால்? அந்த ரிஸ்க் எல்லாம் கம்பெனியின் தோளிலிருந்து விமானியின் தோளுக்கு மாறுகிறது. வீட்டுக் கடன் இஎம்ஐ ஒவ்வொரு மாதமும் ஒரே தொகைதான்.

நிர்வாகத்தின் வாதத்தையும் ஒதுக்க முடியாது. தினமும் 20 கோடி நஷ்டப்பட்ட கம்பெனி, பறக்காத மணி நேரத்துக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. ஒரே காக்பிட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இருவருக்கு இருவேறு ஊதிய முறை இருந்தால் 2011 திரும்ப வரும்.

ஆனால் விமானிகளைக் கொதிக்க வைத்தது இன்னொரு அம்சம். நாலு வருஷ அனுபவம் உள்ள கேப்டன்களை 'சீனியர் கமாண்டர்' என்று நிர்வாகப் பிரிவில் சேர்ப்பது. பதவி உயர்வு மாதிரித் தெரியும். ஆனால் நிர்வாகப் பிரிவுக்குப் போனால் 'தொழிலாளர்' என்ற சட்ட அந்தஸ்து கேள்விக்குள்ளாகும், யூனியனில் இருக்கவும் முடியாது. இரண்டு விமானிகள் சங்கங்களும் எதிர்த்தன. 1,500-க்கும் மேற்பட்ட விமானிகள் கையெழுத்துப் போட்டு ரத்தன் டாடாவுக்கே மனு அனுப்பினார்கள்.

அடுத்த வருஷம் அதே 40 மணி நேர முறை விஸ்தாராவுக்கு வந்தது. 2024 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் விமானிகள் பலர் உடம்பு சரியில்லை என்று லீவ் சொல்ல, விமானங்கள் வரிசையாக ரத்தாயின. விஸ்தாரா தன் சேவையில் சுமார் 10 சதவீதத்தைக் குறைத்தது. விமானிகள் போதாமல் ரோஸ்டர் நெருக்கமாக இருந்ததையும் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. கடைசியில் பெரும்பாலானோர் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

பிடிக்கலைன்னா வேலையை விட்டுட்டுப் போக வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். 2017 விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருஷம், ஃபர்ஸ்ட் ஆபிசருக்கு ஆறு மாதம் நோட்டீஸ் காலம். இந்தியாவில் வேறு தனியார் வேலைகளில் இதைக் கேள்விப்பட முடியாது. 2023-ல் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் 43 விமானிகள் போனபோது ஆகாசா ஏர் கோர்ட்டுக்கே போனது. வேறு கம்பெனிக்குப் போனாலும் சீனியாரிட்டிப் பட்டியலின் அடியிலிருந்துதான் ஏற வேண்டும்.

கேபின் க்ரூவின் கோபம்

விமானிகளுக்காவது பற்றாக்குறை என்ற பலம் இருக்கிறது. கேபின் க்ரூவுக்கு அதுவும் இல்லை. 2024 மே 7-ம் தேதி இரவிலிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 200-க்கும் மேற்பட்ட கேபின் க்ரூ ஒரே நேரத்தில் உடம்பு சரியில்லை என்று போனை அணைத்துவிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. கேரளாவின் கொச்சி, கோழிக்கோடு, கண்ணூர் விமான நிலையங்களில் வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் விசா முடியும் பயத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் இணைப்புதான். ஏர் ஏசியா இந்தியாவோடு இணையும்போது பழைய படிகள் சில காணாமல் போயின, சீனியர் பதவிக்கு நேர்காணல் வைத்துவிட்டுக் கீழ்ப் பதவி தந்தார்கள், இரண்டு பக்க ஊழியர்களைச் சமமாக நடத்தவில்லை என்றெல்லாம் யூனியன் சொன்னது. நிர்வாகம் 25 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மே 9-ம் தேதி டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்தது. 25 பேரும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், மற்றவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். இத்தனை பேச்சுவார்த்தையும் முன்பே நடந்திருக்கலாம் என்று ஏர்போர்ட்டில் படுத்துக் கிடந்தவர்களுக்குத் தோன்றியிருந்தால் தப்பில்லை.

பெரிய விஷயங்கள் முடிந்தாலும் சின்ன விஷயங்கள் விடாது. விஸ்தாரா இணைப்பை ஒட்டி, 2024 டிசம்பர் 1 முதல் வெளியூர் ஹோட்டலில் தங்கும்போது கேபின் க்ரூவில் பெரும்பாலானோர் இருவர் ஓர் அறையைப் பகிர வேண்டும் என்றது ஏர் இந்தியா. விமானிகளுக்குத் தனி அறைதான். நீண்ட தூரப் பயணத்துக்குப் பின் ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் அலாரம் வைத்து எழுந்தால் ஓய்வு எப்படிக் கிடைக்கும் என்று சங்கம் தொழிலாளர் அமைச்சகத்திடம் முறையிட்டது. வேறு வேலையில் இது சலுகை வெட்டு என்று முடிந்துபோகும். அவசரநிலையில் பயணிகளைக் கதவு வழியே வெளியேற்ற வேண்டியவர்களின் தூக்கம் என்பதால் இது பாதுகாப்பு விஷயம்.

65 வரைக்கும் கேப்டன்

இணைப்பின்போதே புகைந்த இன்னொரு விஷயம் ஓய்வு வயது. விஸ்தாராவில் 60, ஏர் இந்தியாவில் 58. ஆனால் ஏர் இந்தியாவில் ஓய்வுபெற்ற விமானிகளை மறுபடி ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்ளும் வழி இருந்தது. இந்தியாவில் விமானி 65 வயது வரை பறக்க விதி அனுமதிக்கிறது. 2025 ஆகஸ்டில் ஏர் இந்தியா விமானிகளின் ஓய்வு வயதை 65 ஆகவும், பறக்காத ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 60 ஆகவும் உயர்த்தியது.

55 வயதைத் தாண்டிய கேப்டனுக்கு இது நல்ல செய்தி. கம்பெனிக்கும் நல்லது, பெரிய விமானம் ஓட்டிய அனுபவம் கையைவிட்டுப் போகாது. பட்டியலின் நடுவில் இருக்கும் முப்பது வயது ஃபர்ஸ்ட் ஆபிசர் மட்டும் தன் எண்ணைப் பார்த்து, மேலே இருப்பவர்கள் இன்னும் எத்தனை வருஷம் அந்த இடத்தில் இருப்பார்கள் என்று மறுபடி கணக்குப் போட வேண்டியிருக்கிறது.